உங்களுக்குத் தெரியுமா? பல சாலைகளின் துண்டுகளாலான கிரிவலப் பாதை

திருவண்ணாமலையில் அருணாசல மலையை வலம்வரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மார்க்கம், பக்தர்களின் நோக்கில் ஆதியந்தமற்ற ஒரே வட்டமாகத் தோன்றினும், நெடுஞ்சாலைக் கணக்கில் அது வெவ்வேறு சாலைகளின் துண்டுகள் சேர்ந்து அமைந்ததேயாகும்.

ரமணாசிரமத்தின் வாயிலை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலை, கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஓர் அங்கம். முன்னர் 66 என்ற எண்ணைத் தாங்கியிருந்த அச்சாலை, 2010-ஆம் ஆண்டின் எண்மாற்றத்திற்குப் பின் 77 ஆயிற்று. பழைய எண்ணோ இன்று மேற்குக் கடற்கரையில், பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் சாலைக்கு உரியதாகிவிட்டது. யமலிங்கத்தைக் கடந்ததும் நெடுஞ்சாலை செங்கத்தை நோக்கிப் பிரிந்துவிட, யாத்திரிகர் வலப்புறம் திரும்பி மலையடிவாரச் சாலையில் புகுகின்றனர். அதுவும் பின்னர் காஞ்சி என்னும் கிராமத்திலிருந்து வரும் சாலையோடு கூடி நகரை அடைகிறது.

இதற்கு நேர்மாறான விசித்திரமும் உலகில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கிளாமத் நதிக்கரையில் 169 என்ற ஒரே எண்ணுடைய மாநில நெடுஞ்சாலை, இடைப்பகுதி அமைக்கப்படாமையால் ஒன்றையொன்று தொடாத இரு துண்டுகளாகவே கிடக்கிறது. ஒரு பெயரிருந்தும் இணையாத அச்சாலையைக் காட்டிலும், பல பெயர்களைத் தாங்கியும் பிரியாத நம் மார்க்கமே மேன்மையுடையது என்பது என் துணிபு.

வலம்வரும் அன்பர்களே, செங்கம் சாலைப் பகுதியில் கனரக வாகனங்களும் செல்லுமாதலால், அங்கே நடைபாதையை விட்டு இறங்காதிருங்கள்.