மருத்துவக் கல்வியும் பொருளுதவியும்

மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பம் பல இல்லங்களில் உண்டு. அவ்விருப்பத்தின் முன்னே இரண்டு தடைகள் நிற்கின்றன. ஒன்று, நீட் எனப்படும் நுழைவுத்தேர்வு. அதற்கு மாணவர் ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்கின்றனர். மற்றொன்று, படிப்பிற்கான பணம். அதைப் பற்றிய எண்ணமோ பெரும்பாலும் தேர்வு முடிவு வெளிவந்த பின்னரே எழுகிறது. அதன்பின் சான்றிதழ்களைத் தேடத் தொடங்கினால் காலம் போதுவதில்லை.

மும்பையின் தாராவியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை இளமையில் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். காலையில் இட்லி விற்பவர். தாய் தையல் வேலை செய்பவர். மகள் மும்பையிலேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கல்வி முழுவதையும் பயின்று, இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். மருத்துவம் பயில விரும்பும் அம்மாணவி எந்தெந்தக் கதவுகளைத் தட்டலாம்?

செலவை அறிதல்

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகளைக் கொண்டது. அதன்பின் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி உண்டு. பயிற்சியாண்டில் ஊக்கத்தொகை கிடைக்கும். ஆகவே, குடும்பம் பணம் திரட்ட வேண்டிய காலம் முதல் நான்கரை ஆண்டுகளே. கல்விக் கட்டணத்துடன் விடுதி, உணவு, நூல்கள் ஆகியவற்றின் செலவையும் முதலிலேயே கணக்கிட வேண்டும்.

குறைந்த கட்டணமுள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதும் ஒருவகைப் பொருளுதவியே. தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டுக் கட்டணமே பல லட்சம் ரூபாய். அரசுக் கல்லூரிகளில் அது மிகக் குறைவு. புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரங்களைக்கூடத் தாண்டுவதில்லை. புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. படித்து முடித்தோர் படைப்பிரிவின் மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை.

உதவியின் மூன்று வகைகள்

முதல் வகை உதவித்தொகை. இதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. மத்திய அரசின் பல உதவித்தொகைகளுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கல்லூரி மாணவர்க்கான மத்தியத் துறைத் திட்டம் அவற்றுள் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் தேர்ச்சியாளர்களுள் முதல் இருபது விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானமும் நாலரை லட்சம் ரூபாயைத் தாண்டாதோர்க்கே இது உரியது. இதன்வழி ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தொழிற்கல்வி பயில்வோர்க்கு நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் அது 20,000 ரூபாயாக உயரும். இத்தொகை முழுச் செலவிற்கும் போதாது. ஆயினும் நூல்களின் சுமையைக் குறைக்கும். இதைப் பெறுவோர் வேறு உதவித்தொகையைச் சேர்த்துப் பெற இயலாது. எனவே, எது பயன் மிக்கது என்று முன்பே ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

இரண்டாம் வகை கட்டணச் சலுகை. கட்டணம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ மாநில அரசு ஏற்றுக்கொள்வது இது.

மூன்றாம் வகை கல்விக்கடன். இது திருப்பிச் செலுத்த வேண்டியது. பொதுவாக, படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்த பின்னரே தவணை தொடங்கும். ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி வளரும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய்க்குள் இருப்பின், தகுதியுள்ள தொழிற்கல்விக் கடன்களுக்கு அக்கால வட்டியை மத்திய அரசு செலுத்தும் திட்டம் 2009ஆம் ஆண்டு முதல் உள்ளது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் இடம்பெற்ற மாணவர், பிணைச்சொத்தும் பொறுப்பாளரும் இன்றிக் கடன் பெற இது வழிசெய்கிறது. எட்டு லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்தினர்க்கு, பத்து லட்சம் ரூபாய் வரையிலான கடனில் மூன்று விழுக்காடு வட்டி மானியமும் இதில் உண்டு.

எந்த மாநிலத்தின் கதவு?

தாராவி மாணவியின் குடும்பம் இங்குதான் குழம்பக்கூடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு, அம்மாநில மருத்துவ இடங்களில் ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டு முதல் உள்ளது. அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தையும் தமிழ்நாட்டு அரசே ஏற்கிறது. ஊரிலுள்ள உறவினர் இச்செய்தியைத் தொலைபேசியில் மகிழ்ச்சியுடன் கூறலாம். ஆனால் மும்பையில் பயின்றவள் இதற்குத் தகுதி பெறாள். தாய்மொழி தமிழ் என்பதால் மட்டும் இச்சலுகை கிடைப்பதில்லை. பயின்ற பள்ளி எது என்பதே அளவுகோல்.

அதேவேளையில் வேறு கதவுகள் அவளுக்குத் திறந்துள்ளன. மகாராட்டிரத்தில் பிறந்து, பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே முடிப்பதால், இருப்பிடச் சான்றிதழ் பெற்று அம்மாநில இடங்களுக்குப் போட்டியிடலாம். வருமான வரம்பிற்கு உட்பட்டோர்க்கு அம்மாநில அரசு வழங்கும் கட்டணச் சலுகைகளையும் நாடலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் உள்ளன. அவற்றிற்கும் மத்திய உதவித்தொகைகளுக்கும் கல்விக்கடனுக்கும் மாநில எல்லை தடையன்று.

சாதிச் சான்றிதழிலும் இவ்வேறுபாடு உண்டு. பட்டியலினத்தவர் ஒருவர் பிழைப்பிற்காக வேறு மாநிலம் சென்றால், அவருடைய உரிமை மத்திய நிறுவனங்களிலும் பூர்வீக மாநிலத்திலும் தொடரும்; குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டில் பொதுவாகச் செல்லாது. இதற்கான சான்றிதழைப் பெறுவதற்குத் தந்தையின் பழைய சான்றிதழ் தேவைப்படும். அது ஊரிலுள்ள பெட்டியில் இருப்பின், விடுமுறைப் பயணத்திலேயே எடுத்து வருதல் அறிவுடைமை.

பெயரில் எழும் இடர்

தமிழர் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். வடமாநிலங்களின் படிவங்களோ குடும்பப்பெயரைக் கேட்கின்றன. அதனால் ஒரே மாணவியின் பெயர் பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்துடனும், ஆதார் அட்டையில் தந்தையின் முழுப்பெயருடனும், வங்கிக் கணக்கில் இரண்டும் இன்றியும் அமைந்துவிடுகிறது. உதவித்தொகை பொதுவாக ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கிற்கே நேராக வருவதால், இவ்வேறுபாடு விண்ணப்பத்தை நிறுத்திவிடக்கூடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறே ஏனைய ஆவணங்களையும் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்னரே திருத்திக்கொள்ள வேண்டும். வருமானச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அதற்குக் குறிப்பிட்ட காலமே மதிப்புண்டு என்பதால், அந்தந்த ஆண்டில் புதிதாகப் பெறுதல் வேண்டும்.

நாள் தவறினால்

2024ஆம் ஆண்டில் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் குறித்த நேரத்திற்குள் செலுத்த இயலாமையால் அவ்விடம் கைநழுவியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. திறமையுள்ள மாணவரைக் கைவிடலாகாது என்று கருதிய நீதிமன்றம், தன் சிறப்பு அதிகாரத்தால் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. இது பொறியியல் கல்வியில் நிகழ்ந்ததாயினும், மருத்துவக் கலந்தாய்விலும் கட்டணத்திற்குக் குறித்த நாளும் நேரமும் உண்டு. உச்சநீதிமன்றத்தை அணுகும் வாய்ப்பு எல்லார்க்கும் அமையாது. உதவித்தொகை கைக்கு வரச் சில திங்கள் ஆகலாம். கட்டணத்தையோ உடனே செலுத்த வேண்டும். ஆகவே, முதல் தவணைக்கான பணத்தைத் தனியே சேர்த்து வைப்பதும், கடனுக்காக வங்கியை முன்னரே அணுகுவதும் இன்றியமையாதவை.

உதவி கேட்பது இழிவன்று

சிலர், "பிறரிடம் கையேந்துவதா?" என்று தயங்கி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றனர். அரசின் உதவித்தொகை மக்களின் வரிப்பணத்திலிருந்து வருவது. இட்லி விற்கும் தந்தை வாங்கும் பாத்திரத்திலும், தாய் வாங்கும் தையல் இயந்திரத்திலும் அவ்வரி அடங்கியுள்ளது. தாம் இட்டு வைத்த பொதுச் சேமிப்பிலிருந்து தம் மகளின் கல்விக்கு ஒரு பங்கைப் பெறுவதில் நாணம் கொள்ள இடமில்லை. பின்னாளில் அவள் நோயுற்றோர் துயர் களையும்போது, அப்பங்கு மீண்டும் மக்களையே சென்று சேரும்.

சொற்பொருள்

பிணைச்சொத்து – கடனுக்கு ஈடாகக் காட்டும் சொத்து
பூர்வீகம் – முன்னோர் வாழ்ந்த இடம்
வட்டாட்சியர் – வட்டத்தின் வருவாய்த்துறை அலுவலர்
திங்கள் – மாதம்

சிந்தித்து விடை எழுதுக

1. உதவித்தொகைக்கும் கல்விக்கடனுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தாராவி மாணவி தமிழ்நாட்டின் ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீட்டிற்கு ஏன் தகுதி பெறவில்லை? அவளுக்குத் திறந்துள்ள வழிகள் எவை?
3. உம் பெயர் பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் ஒன்றுபோல் உள்ளதா? பெற்றோருடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்க்க.