கிள்ளான் முதல் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை: வெக்கையை அளக்கும் ஒரு கோடு

கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடப்பவர்கள் "இங்கே வெக்கை அதிகம்" என்பார்கள். அது வெறும் நினைப்பா, உண்மையா? ஒரு செயற்கைக்கோள் படமும் ஒரு கோடும் இருந்தால், வீட்டுக் கணினியிலேயே காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மலேசிய தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாம் சானி, கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தின் பருவநிலையை ஆராய்ந்து 1980இலேயே நூல் வெளியிட்டார். இன்று கருவிகள் எல்லோர் கைக்கும் எட்டுகின்றன.

படம் என்பது எண்கள்

லேண்ட்சாட் 8, 9 ஆகிய அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் மாறி மாறி 8 நாளுக்கு ஒருமுறை நம் பகுதியைப் படம் பிடிக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். படத்தின் ஒவ்வொரு கட்டமும், அதாவது பிக்சலும், தரையில் 30 மீட்டர். தரை வெப்பப் படத்தில் அந்தக் கட்டத்தின் எண்ணை 0.00341802ஆல் பெருக்கி 149ஐக் கூட்டினால் கெல்வின் கிடைக்கும், அதில் 273.15ஐக் கழித்தால் செல்சியஸ். 46,000 என்றால் ஏறத்தாழ 33 டிகிரி.

கோடு போடுவது எப்படி?

'ஆர்' என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவசக் கணினி மொழி. அதில் 'டெர்ரா' என்ற தொகுப்பைச் சேர்த்துப் படத்தைத் திறக்க வேண்டும். கிள்ளானிலிருந்து ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா வழியாக பிரிக்ஃபீல்ட்ஸ் வரை நேர்க்கோடு வரைந்து, அதைப் படத்தின் வரைபட அளவுமுறைக்கு மாற்ற வேண்டும். சுமார் 29 கிலோமீட்டர் கோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களைத் தொடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான 'எக்ஸ்ட்ராக்ட்' கட்டளை எண்களைத் தரும். ஆனால் கோட்டின் வரிசையில் தராது. 'எக்ஸ்ட்ராக்ட்அலாங்' கட்டளைதான் கிள்ளானில் தொடங்கி வரிசையாகத் தரும். வரிசை மாறினால் வரைபடமே பொய் சொல்லும்.

ஏமாறாமல் இருக்க

மேகம் குளிர்ச்சியாகப் பதிவாகும். அதைப் பூங்கா என்று நினைத்துவிடக் கூடாது. படத்தோடு வரும் தரக் குறிப்பைக் கொண்டு மேகக் கட்டங்களை நீக்கிவிடுங்கள். வெப்ப உணரி உண்மையில் 100 மீட்டர் அளவில்தான் பார்க்கிறது. பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேண்டாம். அளப்பது தரையின் வெப்பம், காற்றின் வெப்பமல்ல. அதுவும் முற்பகல் 11 மணிக்கு மேல் எடுத்த படம். பிற்பகல் உச்சம் அதில் தெரியாது.

ஒரே படத்தை நம்பாமல், பல ஆண்டுகளின் மேகமற்ற நாள்களை ஒப்பிடுங்கள். மேடு தொடர்ந்து ஒரே இடத்தில் தெரிந்தால், அங்கே தாரும் சிமெண்டும் மிகுந்து மரம் குறைந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். "எங்கள் தாமானுக்கு மரம் வேண்டும்" என்று ஊராட்சி மன்றத்திடம் கேட்கப்போகும் குடியிருப்பாளர் சங்கத்துக்கு, வெறும் புகாரைவிட அந்த வரைபடம் பலம் சேர்க்கும்.