கண் கூசாத வெளிச்சம்

திருச்சுழிப் பக்கம் பழைய வீடுகளில் வாசல் நிலையின் இருபுறமும் சுவரில் சின்ன மாடக்குழி இருக்கும். உள்ளே தலைமுறைகளின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, கை வைத்தால் ஒட்டும். அந்தியில் அதில் அகல் ஏற்றினால் காற்று சுடரை அணைக்காது. ஓரத்தில் நிற்பவர் கண்ணுக்குச் சுடர் தெரியாது, குழியின் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டுமே தெரியும்.

அருப்புக்கோட்டையில் புதுவீடு கட்டுகிறவர்கள் இன்று விரும்பிக் கேட்கும் ‘ஸ்காண்டிநேவியன்’ விளக்கின் சூத்திரமும் இதுதான். டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சன் மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்தவர். மின்சாரம் வந்ததும், மறைப்பில்லாத பல்பின் கூச்சம் அவரை உறுத்தியது. 1926-இல் மூன்று கவிகைகளைச் சுருள்கோட்டுக் கணக்கில் அடுக்கினார். பல்பு கண்ணில் படாது, வெளிச்சம் மட்டும் கீழே இறங்கும். 1958-இல் வந்த அவருடைய ‘பிஎச் 5’ விளக்கு இன்றும் விற்கிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊருக்கு அந்த மென்மை அவசியம்.

விளக்கு அங்கிருந்து வரலாம், வெயில் நம்முடையது. சித்திரையில் கான்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை நடுராத்திரி வரை கக்கும். அந்தத் தளத்தின் அடியில் ஒட்டினாற்போல், மூடிய கண்ணாடி உருண்டைக்குள் எல்இடியை வைக்கிறோம். குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்இடி வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகி உள்ளேயே தங்கும். பெரும்பாலும் முதலில் சாவது எல்இடி அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர். அதிலுள்ள மின்தேக்கி பத்து டிகிரி சூடு கூடினால் பாதி ஆயுளை இழக்கும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. விளக்கு சீக்கிரம் போய்விட்டால் பல்பின் தரத்தை மட்டும் திட்ட வேண்டாம், மாட்டிய இடத்தையும் பாருங்கள்.

நிறமும் முக்கியம். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள்தான் அதை வெள்ளையாக்குகிறது. விழித்திரையில் நீலத்துக்கு விழிக்கும் தனி செல்கள் இருப்பதை 2002-இல் கண்டறிந்தார்கள். அவை மூளைக்குப் ‘பகல்’ என்று சொல்லி, தூக்க ஹார்மோனைத் தள்ளிப்போடும். அதனால் நீலம் கூடிய 6500 கெல்வின் வெள்ளை படுக்கையறைக்கு ஆகாது.

மலிவு எல்இடியில் சிவப்பும் குறைவு. தறிவீட்டில் அரக்குப் பாவின் மேல் பிடித்துப் பாருங்கள். நூல் மங்கித் தெரியும். பகலில் வெளியே எடுத்தால் வேறு நிறம். நெசவுக்கு, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவான சிஆர்ஐ 90-க்கு மேல் வேண்டும்.

கடையில் அழகைப் பார்த்துவிட்டுப் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின். முதுகில் அலுமினியத் தட்டு, மேலே காற்று போக வழி இருக்க வேண்டும். மேற்கு வெயில் அடிக்காத உட்சுவரில், தளத்திலிருந்து நன்றாகக் கீழே மாட்டச் சொல்லுங்கள். வீட்டில் பழைய மாடக்குழி இருந்தால் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள், சின்ன எல்இடி ஒன்றுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.