கீழணைக்கு அடியில் ஓடும் நீர்

காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரத்து வயல்களுக்கு உயிர்நீர் கீழணையிலிருந்து வருகிறது. அதை 1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டியது. வடக்கு ராஜன் வாய்க்காலுக்கு நீர் தருவதும், வடவாறு வழியாக வீராணம் ஏரியை நிரப்புவதும் அதுதான். 2004 முதல் வீராணத்து நீரைச் சென்னையும் குடிக்கிறது.

இத்தனை பேருக்குப் படியளக்கும் அணை பாறைமேல் நிற்கவில்லை. தோண்டத் தோண்ட மணல்தான். ஆழம் காணமுடியாத தளர்மணலில் அடித்தளம் போடுவதை நம் பழைய அணை கட்டியவர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் எழுதியிருக்கிறார்.

அணையில் நீர் தேங்கும்போது கொஞ்சம் அடிமணலுக்குள் புகுந்து, அணையைக் கடந்து, கீழ்ப்புறத்தில் மேலேறி வெளிவரும். மெல்லக் கசிந்தால் கேடில்லை. வேகம் மிஞ்சினால் வெளியேறும் இடத்து மணல் துகள்களைத் தூக்கிவிடும். துகள் போன அளவுக்கு நீர் கடக்கவேண்டிய தூரம் குறைகிறது. வேகம் இன்னும் ஏறுகிறது. அடுத்த துகளும் போகிறது. கீழ்ப்புறம் தொடங்கிய பொந்து இப்படியே அணைக்கு அடியில் மேற்புறம் நோக்கி வளரும். மேலே கட்டடத்தில் ஒரு கீறல்கூடத் தெரியாமலிருக்கலாம். இப்படி அடியில் கசியும் நீரின் அழுத்தத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் முறையை இந்தியப் பொறியாளர் ஏ.என். கோஸ்லா தம் குழுவினரோடு 1936-இல் வெளியிட்டார். கீழணைக்கு அப்போதே வயது நூறு!

ஆற்றில் மணல் அள்ளுவது இங்கேதான் அணையைத் தொடுகிறது. கீழ்ப்புறப் படுகை தாழ்ந்தால் இருபுற நீர்மட்ட வேறுபாடு கூடும். அடித்தளத்தை மூடிக் காத்த மணலும் போய்விடும். பழைய அணை சரியக்கூடும் என்பதை ஏற்கெனவே கண்டிருக்கிறோம். 2018 ஆகஸ்ட் 22 அன்று, இதே காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், வெள்ளம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே, கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் 9 சரிந்து போயின. பிறகு அங்கே புதிய கதவணையே கட்டவேண்டியதாயிற்று.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமோ உயரத்தைப் பார்க்கிறது. 15 மீட்டருக்கு மேற்பட்டவை அதன் வரம்புக்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை சில நிபந்தனைகளோடு வரும். மணலாற்றில் தாழ்ந்து கிடக்கும் பழைய அணைகள் பலவும் அந்த உயரத்தை எட்டாதவை. அவற்றின் ஆபத்து உயரத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் படுகை மட்டத்தை அளந்து ஊரறிய வெளியிடவேண்டும். அணைக்கு அருகே மணலில் கைவைக்கவே கூடாது.

ஆற்றோரத்து மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அணைக்குக் கீழே தெளிந்த நீர் கசிவது இயல்பு. கலங்கிய நீர் மணலோடு பொங்குவதைக் கண்டால், அன்றைக்கே நீர்வளத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.