நெற்குருத்துப் புழுவும் விஷக் குருணையும்

நெல் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்குக் குருத்துப்புழு புதிய விரோதியன்று. இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்துபோவதும், பின்னர் மணி பிடிக்காத வெண்கதிர் நிற்பதும் இதன் வேலையே. இதை அடக்கும்பொருட்டுப் பல்லாண்டுகள் போரேட் என்னும் குருணை மருந்து மணலிற் கலந்து கையால் வீசப்பட்டு வந்தது. வேலை சுலபம்; புழுவும் மடிந்தது. ஆனால் அதை அள்ளி வீசிய கூலியாளின் தேகநிலையை விசாரித்தவர் சிலரே.

போரேட், உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் மிகக் கொடிய விஷங்களின் வகுப்பைச் சேர்ந்தது. வாய்வழியாய் மாத்திரமன்றித் தோலின் வழியாகவும் உடலிற் சேரும். சேர்ந்து நரம்புகளின் ஒழுங்கைக் குலைக்கும். தலைவலி, மிகுந்த வியர்வை, வாயில் நீரூறல், வாந்தி, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் குறிகள். இவை கண்டவுடன் ஆளின் உடைகளைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்தின் லேபிளுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். மோரும் புளிக்கரைசலும் கொடுத்துப் பொழுது போக்கலாகாது.

கையுறையும் முகமூடியும் கொடுத்தாற் போதாதா என்று மிராசுதார்கள் சிலர் கேட்பதுண்டு. கொடுக்கவேண்டியதே. ஆயினும் ஆனி வெயிலில், முழங்காற் சேற்றில் நிற்பவன் அவற்றை அரைமணி நேரத்திற் கழற்றி வரப்பில் வைத்துவிடுவான். அது மனித சுபாவம். 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில், பருத்திக்கு மருந்தடித்தவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் விஷமேறி மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர். ஆகவே, ஆளுக்குக் கவசம் தேடுவதற்கு முன் விஷத்தையே மாற்றுவது உத்தமம். இந்திய அரசாங்கமும் 2018-ல் பிறப்பித்த உத்தரவின்படி 2020 டிசம்பர் 31 முதல் போரேட்டை விலக்கிவிட்டது.

மாற்று யாதெனில், முதலாவது செலவில்லாதது. குருத்துப்பூச்சி இலை நுனியின் அருகே முட்டைக் குவியலை இடுவதால், நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி அழித்தால் முட்டைகளும் ஒழியும். அடுத்தது டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்னும் நுண்ணிய குளவி. இது புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிப்பது; மனிதரைக் கொட்டாது. அட்டைகளில் ஒட்டப்பட்டு வரும் இதனை, நட்ட 30-ஆம் நாளிலும் 37-ஆம் நாளிலும் ஏக்கருக்கு 2 சி.சி. வீதம், அட்டையைத் துண்டுகளாக்கி இலையின் அடிப்பக்கத்திற் பொருத்தவேண்டும். அச்சமயத்தில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியும் மடிந்து பணம் வீணாகும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நூற்றுக்குப் பத்துக் குருத்து காய்ந்தாலன்றி மருந்தை நாடவேண்டியதில்லை. நாடும்போதும் குளோரான்டிரானிலிப்ரோல் 0.4 சதவிகிதக் குருணையை ஏக்கருக்கு 4 கிலோ இடலாம். இது பூச்சியின் தசையைத் தாக்குவது. மனிதருக்கு இதனால் உடனடி விஷம் ஏறுவது மிக அரிது. எனினும் நீர்வாழ் சிற்றுயிர்களுக்குக் கேடானதாகையால், வயல் நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ வடித்துவிடக் கூடாது. கையுறையும் வேண்டும்.

மாற்று என்று பேர் வைத்தமாத்திரத்தில் எல்லாம் நல்லதாகிவிடாது. 1972-ல் அமெரிக்காவில் டி.டி.டி. விலக்கப்பட்டபோது, பருத்திக்கு அதனிடத்தில் வந்தது மீதைல் பாரத்தியான், தெளிப்பவனுக்கு டி.டி.டி.யினும் பன்மடங்கு உடனடி அபாயம் விளைப்பது. கடைக்காரர் வேறொரு டப்பாவை நீட்டும்போது அதன் முக்கோணக் குறியைப் பார்த்து வாங்குக. சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள் அதற்கு அடுத்தது. பின்னர் நீலம், பச்சை. சிவப்பையும் மஞ்சளையும் கூலியாள் கையிற் கொடாதிருப்பதே முறை.

பழைய போரேட் பைகள் எவர் களஞ்சியத்திலேனும் கிடந்தால், அவற்றைக் கிணற்றருகே புதைக்கவோ, கொளுத்தவோ, தானியம் கட்டப் பையை உபயோகிக்கவோ வேண்டாம். கிராம நிர்வாக அதிகாரி மூலம் வட்டார வேளாண்மை அலுவலகத்திற்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லுமட்டும் குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதபடி பூட்டி வைக்கவேண்டும்.