கரட்டுநில ஊர்தியின் அதிர்வும் அதன் முதலும்

ஒரு பொருள் தன் நிலைப்புள்ளியின் இருமருங்கும் மீண்டும் மீண்டும் பெயர்ந்து வருதல் அதிர்வு. அவ்வதிர்வு காற்றின் வழியே செவியை எய்துமாயின் அது ஒலி. நொடிக்கு எத்தனை முறை பெயர்ந்து மீள்கிறது என்னும் எண்ணை அதிர்வெண் என்றும், எத்துணைத் தொலைவு பெயர்கிறது என்னும் அளவை வீச்சு என்றும் வழங்குகிறோம். ஊர்தியில் புதிதாய்த் தோன்றிய நடுக்கத்தின் முதலைத் தேடுவோர் பெரும்பாலும் வீச்சையே கருதுகின்றனர். மிகுதியாக ஆடுகிறது, சிறிதாக ஆடுகிறது என்று சொல்லி, கைக்கு எட்டிய உறுப்பை மாற்றத் தொடங்குகின்றனர். வீச்சு கேட்டின் கடுமையை மட்டுமே உரைக்கும். கேடு எவ்வுறுப்பில் உள்ளது என்பதை உரைப்பது அதிர்வெண்ணே. ஆதலின் திருகு ஒன்றைக் கழற்றுமுன் எண்ணிக்கை ஒன்றைப் பெறுதல் வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், பிரம்மதேசத்தைச் சூழ்ந்த நிலப்பரப்பு ஊர்தியின் உறுதியை நன்கு தேர்ந்தறியும் களமாகும். ஏரிக்கரைகளும் வண்டிப்பாதைகளும் ஒருபுறம். கிழக்கே மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய களி மறுபுறம். (அப்பகுதியின் கழுவெளி நீர்நிலை 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது, அதன் சேற்றில் எவ்வூர்தியும் இறங்கலாகாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) இத்தகைய நிலத்துக்கு ஏற்றதென்று பலரும் நாடுவது, 1985இல் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம் நாட்டில் உருவாக்கப்பட்ட மாருதி ஜிப்சி. அதன் கட்டமைப்பு நம் ஆய்வுக்கு மிகவும் பொருந்துவது. முன்னும் பின்னும் இறுகிய அச்சுகள். நான்கு மூலைகளிலும் பட்டைவில்கள். பல்லிணைப் பெட்டியும், விசையை முன்பின்னாகப் பிரித்தனுப்பும் பகிர்பெட்டியும் தனித்தனியே நிற்க, அவற்றை ஒரு குறுந்தண்டு இணைக்கிறது. பகிர்பெட்டியிலிருந்து முன்னச்சுக்கு ஒரு செலுத்துதண்டும் பின்னச்சுக்கு மற்றொன்றும் செல்கின்றன. தண்டுகள் மூன்று, தண்டுக்கு இரண்டாக மூட்டுகள் ஆறு. இவ்வூர்தியைப் பட்டைவில்லால் உயர்த்தி, பெரிய டயர் பூட்டிய பின்னரே நாம் பேசப்போகும் நடுக்கம் பிறக்கிறது.

சுழற்சியால் பிறக்கும் அதிர்வுகளை மூவினமாகப் பகுக்கலாம். உருளியின் சுழற்சியோடு பிறப்பன உருளியினம். செலுத்துதண்டின் சுழற்சியோடு பிறப்பன தண்டினம். பொறியின் சுழற்சியோடு பிறப்பன பொறியினம். எவ்வுறுப்பின் சுழற்சிக்கும் கட்டுப்படாது, உறுப்பின் நிறையாலும் வில்லின் விறைப்பாலும் முடிவாகும் இயல்பதிர்வெண்ணில் பிறப்பன நான்காம் இனம். அவற்றைப் பின்னர்க் காண்போம்.

இனி எண்களுக்கு வருவோம். ஜிப்சி வகைகளுள் ஒன்றான ஜிப்சி கிங்கின் 205/70 ஆர் 15 அளவுள்ள டயர் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 2.10 மீட்டர் செல்லும். பலர் பூட்டும் 235/75 ஆர் 15 டயர் 2.30 மீட்டர் செல்லும். விரைவுகாட்டியோ நிலத்தை அளப்பதில்லை. செலுத்துவழியின் சுழற்சியை எண்ணி, பழைய டயருக்கென அமைத்த கணக்கின்படி முள்ளை நகர்த்துகிறது. எனவே முள் 60 காட்டும்போது ஊர்தி உண்மையில் மணிக்கு 66 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. உருளியோ பழையபடியே நொடிக்கு 7.9 முறை சுழல்கிறது. அச்சின் பெரும்பல்லுருளிக்கு 41 பற்களும் சிறுபல்லுருளிக்கு 10 பற்களும் உள்ளன எனக் கொண்டால் (பட்டறைகளில் இவற்றைக் கிரவுன், பினியன் என்பர்), தண்டு உருளியைவிட 4.1 மடங்கு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 33 முறை சுழலும். நான்கு உருளைகள் கொண்ட நான்கடிப் பொறியில் சுற்றுக்கு இருமுறை எரிதல் நிகழும். ஆகவே மணித்துளிக்கு 2000 சுற்று எனில் நொடிக்கு 67 துடிப்புகள். நடுக்கம் நொடிக்கு எட்டு எனில் உருளியையும், முப்பத்து மூன்று எனில் தண்டையும், அறுபதுக்கு மேல் எனில் மூட்டையோ பொறியையோ நாட வேண்டும் (மூட்டு தண்டின் இருமடங்கு எண்ணில் அதிர்வது ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்).

மூட்டையும் பொறியையும் பிரித்தறிவது எளிது. ஆளற்ற நேரான சாலையில், ஊர்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்லிணையை நடுநிலைக்குக் கொணர்ந்து பொறியைத் தணிந்தோடவிட்டால், பொறியின் எண்ணிக்கை வீழும். தண்டின் எண்ணிக்கை வீழாது. நடுக்கம் மாறாது நிற்குமாயின் பொறி குற்றமற்றது. பொறியை முற்றும் அணைத்துவிடலாகாது. அணைத்தால் தடைக்கு உதவும் உறிஞ்சுவிசை குன்றி, ஊர்தியை நிறுத்துதல் கடினமாகும்.

உருளியினத்தில் தலையாயது எடைக்கோட்டம். ஒருபுறம் மிகுந்துள்ள எடையை வெளிநோக்கி இழுக்கும் விசை, சுழல்விரைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். விரைவு இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும். களியில் இறங்கி மீண்ட ஊர்தியின் வட்டைக்குள், வெளிப்பார்வைக்குப் புலப்படாமல், ஒருபுறமாக ஒட்டிய சேறு காய்ந்து கட்டியாகிவிடும். அக்கட்டி 200 கிராம் எனவும் நடுவத்திலிருந்து 19 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது எனவும் கொள்க. முள் 60 காட்டும்போது அது உருளியை ஏறத்தாழ 95 நியூட்டன் விசையால், பத்துக் கிலோ எடைக்குச் சற்றே குறைந்த வலிமையால், நொடிக்கு எட்டு முறை மேலும் கீழும் இழுக்கும். வட்டையின் உட்புறத்தில் கைவிட்டுத் தடவினால் அதன் மேடு விரலில் தட்டும். உருளிகளின் உட்புறத்தை நீர் பீய்ச்சிக் கழுவிய பின்னரே சீர்தூக்கும் பொறியில் ஏற்ற வேண்டும். கழுவாது சீர்தூக்கினால் சேற்றுக்கு எதிரெடையாக ஈயம் ஒட்டப்படும். சேறு உதிர்ந்த நாளில் அந்த ஈயமே கோட்டமாக நிற்கும்.

உயர்த்திய ஊர்தியின் தனிநோய் தண்டினத்தைச் சார்ந்தது. இதனை விரித்துரைத்தல் தகும். செலுத்துதண்டின் இருமுனைகளிலும் உள்ள குறுக்கை மூட்டு, இரு கவைகளையும் அவற்றைப் பிணைக்கும் நாற்கைக் குறுக்கையையும் கொண்டது. பட்டறை வழக்கில் இக்குறுக்கை கிராஸ் எனப்படும். 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோ, 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் இராபர்ட் ஊக் ஆகியோர் பெயர்களால் உலகம் இம்மூட்டை அறியும். சாய்ந்து நிற்கும் இரு தண்டுகளிடையே சுழற்சியைக் கடத்தவல்ல இம்மூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. நுழையும் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் வெளியேறும் தண்டு அவ்வாறு சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இருமுறை முந்தி இருமுறை பிந்துகிறது. ஆகவே மூட்டின் அதிர்வெண் தண்டின் எண்ணைப்போல் இருமடங்கு. நம் கணக்கில் நொடிக்கு 65.

முந்தலும் பிந்தலும் எவ்வளவு என்பதை மூட்டின் கோணம் முடிவு செய்கிறது. 5 பாகையில் தண்டின் விரைவு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடியும் குறைந்தும் வரும்; எவரும் உணரார். 15 பாகையில் அது 3.5 விழுக்காடாகும். கோணம் மும்மடங்கு, ஏற்றத்தாழ்வோ ஒன்பது மடங்கு. பட்டைவில்லைச் சற்றே உயர்த்தியதற்கு இத்துணை நடுக்கமா என்று வியப்போர்க்கு விடை இவ்விருமடிப் பெருக்கத்தில் உள்ளது. ஜிப்சிபோல் குறுகிய ஊர்தியில் தண்டும் குட்டை. ஆதலின் சிறு உயர்வும் கோணத்தை விரைந்து கூட்டும்.

ஒரு மூட்டின் கேட்டை மற்றொரு மூட்டு நீக்கும் என்பதே இவ்வமைப்பின் அழகு. முதல் மூட்டு முந்தும்போது இரண்டாம் மூட்டு அதே அளவு பிந்துமாயின் அச்சினுள் நுழையும் சுழற்சி சீராகிவிடும். அதற்கு இரு மூட்டுகளின் கோணங்களும் நிகராதல் வேண்டும். தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்றல் வேண்டும். உயர்த்தும்போது இவ்விரண்டும் குலைகின்றன. பகிர்பெட்டி தன் சாய்வில் நிற்க, அச்சின் மூக்கு வேறு சாய்வில் திரும்பி, கோணங்கள் ஒவ்வாமற்போகும். தண்டை வெட்டி நீட்டும் கடைசல் பட்டறையிலோ, வரிப்பல் (ஸ்பிளைன்) நழுவிணைப்பைக் கழற்றி மீண்டும் செருகும்போதோ, கவைகள் ஒரு பல் பிறழ்ந்து அமர்ந்துவிடும். அப்பிறழ்வு கண்ணுக்கு எளிதில் தெரியாது. தண்டைத் தரையில் கிடத்தி இரு கவைகளின் துளைகளையும் ஒருசேர நோக்கினால் தெரியும்.

கோணமே குற்றவாளி என ஐயுற்றால், ஒரு மூட்டையும் கழற்றாது ஆய்ந்துகொள்ள வழி உண்டு. திண்டிவனத்து வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டைகள் சிலவற்றை ஊர்தியின் பின்புறம் ஏற்றிப் பழைய விரைவிலேயே ஓட்டுக. வில் தாழும்; கோணம் குறையும். நடுக்கமும் குறைந்தால் ஐயம் உறுதியாயிற்று. எடைக்கோட்டமோ டயரோ கரணியமாக இருப்பின் மூட்டைகளால் அது பெரிதும் மாறாது. தீர்வும் எளியதே: பட்டைவில்லுக்கும் அச்சுக்கும் இடையே சாய்வான ஆப்பு ஒன்றை வைத்து, அச்சின் மூக்கு நோக்கும் கோடும் பகிர்பெட்டித் தண்டின் கோடும் இணையாகும்வரை அச்சைத் திருப்ப வேண்டும். கோணம் மிகப் பெரிதெனில் பகிர்பெட்டி முனையில் இரட்டைக் குறுக்கை மூட்டைப் பொருத்தி, அச்சின் மூக்கை நேரே அதனை நோக்கித் திருப்புவர். முன்தண்டா பின்தண்டா என்ற ஐயம் எழுந்தால் முன்தண்டைக் கழற்றிவைத்துப் பின்விசையால் மட்டும் ஓட்டிப் பார்த்தல் தெளிவு தரும்.

எண்ணிக்கை தனித்து நின்று தீர்க்கவியலாத இடமும் உண்டு. முரட்டு டயரின் ஒரு சுற்றில் 40 கட்டிகள் உள்ளன எனில், முள் 60 காட்டும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 318 முறை நிலத்தைத் தட்டும். 41 பற்கள் உள்ள பெரும்பல்லுருளி நொடிக்கு 326 முறை கடிக்கும். இரண்டும் ஒரே சுருதியில் ஊளையிடுவதாகவே செவி கொள்ளும். இங்கே சூழலை மாற்றி வினவ வேண்டும். தாரிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு மாறும்போது ஒலி மாறினால் அது டயர். முடுக்கியை அழுத்தும்போதும் விடும்போதும் மாறினால் அது பல்லுருளி. வளைவில் ஒருபுறம் சாயும்போது மட்டும் பெருகினால் அது குடத்தின் தாங்கி. பல்லுருளிகளுக்கு 40, 10 என்று எண்ணாமல் 41, 10 என்று பொதுக்காரணி அற்ற எண்களைத் தெரிவதிலும் நுட்பம் உள்ளது: ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் எங்கும் ஒருபடித்தாக அமையும்.

எண்ணிக்கையைப் பெற இன்று கைப்பேசியே போதும். அதனுள் முடுக்க உணரி உள்ளது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. நொடிக்கு 100 முறை அளக்கும் உணரி 50க்கு மேற்பட்ட அதிர்வை உள்ளவாறு காட்டாது. உரிய வடிகட்டி இல்லையெனில் 65 என்னும் மூட்டதிர்வு 35 ஆகத் திரிந்து தோன்றும். 35ஓ தண்டின் எண்ணான 33ஐ ஒட்டியது. மூட்டில் உள்ள கேட்டுக்காகத் தண்டைச் சீர்தூக்கச் செலவிட நேரும். உணரி அளக்கும் விரைவை அறிந்த பின்னரே அதன் சொல்லை நம்புக; உயர்ந்த அதிர்வெண்களுக்கு ஒலிவாங்கியே ஏற்றது.

நான்காம் இனத்துக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட விரைவில் தோன்றி, அதனைக் கடந்தவுடன் மறையும் நடுக்கம் ஒத்ததிர்வு. தூண்டும் எண்ணும் உறுப்பின் இயல்பதிர்வெண்ணும் ஒன்றியபோது அது விளைகிறது. இதனினும் கொடியது, பள்ளத்தில் ஒருமுறை இடறியதும் முன்னுருளிகள் இடமும் வலமுமாக வெறிகொண்டு ஆடத் தொடங்குவது. பட்டறையில் வாப்ளிங் என்பர். உயர்த்தியதால் முன்னச்சின் பின்சாய்வு (காஸ்டர்) குன்றியதும், திருப்பு மூட்டுகளும் தாங்கிகளும் தேய்ந்து தளர்ந்ததும் இதன் அடிப்படைகள். பலர் அதிர்வடக்கி ஒன்றைப் புதிதாகப் பூட்டி நிறைவடைகின்றனர். அது நோயை மறைக்கும், நீக்காது. தளர்ந்த உறுப்பை மாற்றிப் பின்சாய்வை மீட்டாலன்றி அவ்வூர்தி நெடுஞ்சாலைக்கு உரியதன்று என்பது என் துணிபு.

ஊர்தியை உயர்த்துமுன் சட்டத்தையும் கருதுதல் வேண்டும். பதிவுச் சான்றில் கண்ட அமைப்புக்கு மாறாக ஊர்தியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. சட்டம் இசையும் திருத்தங்களை மட்டும் செய்க.

விழுப்புரம் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உருளி, தண்டு, மூட்டு, பல்லுருளி ஆகியவற்றின் எண்ணிக்கைகளைக் காணும் முறையைத் தமிழில் ஒரே தாளில் எழுதிப் பயிற்சிக்கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள். செலுத்துதண்டைக் கழற்றும் ஒவ்வொரு மாணவரும், கழற்றுமுன் நழுவிணைப்பின் இருபுறமும் உளிமுனையால் ஒரு புள்ளி குத்திவைக்கப் பழகட்டும்.