வரைபடக் கால்குலேட்டருக்குப் புதுச் செயலி

சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டுவது வரைபடக் கால்குலேட்டர். அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதும் புழங்கும் டிஐ-84 பிளஸ் என்ற கருவியை டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்டது. அதற்குள் இருந்தது இசட்80 செயலி. 1976இல் சைலாக் நிறுவனம் கொண்டுவந்த வடிவமைப்பு அது. கால்குலேட்டரில் 15 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. கறுப்பு வெள்ளைத் திரைக்கு அதுவே தாராளம். 96க்கு 64 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட் என்று முழுத்திரைப் படமும் 768 பைட்டில் அடங்கிவிடும்.

2013இல் இதே வரிசையில் வண்ணத்திரை வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. 320க்கு 240 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 16 பிட். ஒரு படத்துக்கு 1,53,600 பைட், அதாவது முன்னதைப் போல 200 மடங்கு. செயலியோ அதே இசட்80, வேகமும் அதே 15 மெகாஹெர்ட்ஸ். அந்தச் செயலி ஒரே சமயத்தில் எட்டக்கூடிய நினைவகம் 64 கிலோபைட்தான். அரைத் திரையைக்கூட அதற்குள் முழுதாக வைக்க முடியாது. திரை அழகாக இருந்தது, வேகம் கைகொடுக்கவில்லை.

2015இல் வந்த டிஐ-84 பிளஸ் சிஇ மாதிரியில் செயலி மாறியது. இஇசட்80 என்ற அந்தச் செயலியின் வேகம் 48 மெகாஹெர்ட்ஸ். ஒரு கட்டளையை முடிப்பதற்குள் அடுத்ததை எடுத்துவிடும். 16 மெகாபைட் வரை எட்டும். இவற்றைவிட முக்கியமானது, இசட்80யின் கட்டளைகள் அதற்கும் புரியும் என்பது. பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த மென்பொருளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மாணவர்களின் விரல்களுக்குப் பழகிய விசை வரிசையும் அப்படியே நீடித்தது. வேறு குடும்பத்துச் செயலிக்குத் தாவாமல் இருந்தது சரியான முடிவே.

ஹியூலெட் பேக்கார்டுக்கு அந்த வசதி இல்லை. 1984 முதல் அதன் கால்குலேட்டர்களில் இருந்த சாட்டர்ன், அந்த நிறுவனமே கணக்குக்கென்று வடிவமைத்த செயலி. அதன் 64 பிட் பதிவகத்தில் ஒரு தசம எண் அளவெடுத்தாற்போல் உட்காரும்: 12 இலக்கங்கள், அடுக்குக்கு 3, குறிக்கு 1. 2003இல் வந்த ஹெச்பி 49ஜி பிளஸ் கருவியில் சாட்டர்ன் இல்லை; 75 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம் செயலி இருந்தது. சாட்டர்னின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருள் ஒன்று பெயர்த்துச் சொல்ல, ஏஆர்எம் அதைச் செய்து முடித்தது. இந்தப் பெயர்ப்பிலேயே வேகத்தில் பெரும்பகுதி செலவானது. அப்படியிருந்தும் முந்தைய மாதிரியைவிடச் சில மடங்கு விரைவாகவே கணக்குப் போட்டது.

வாங்கியவர் தாமே செயலியை மாற்றுவது நடைமுறையில் நடக்காது. டிஐ-84 பிளஸில் இசட்80 தனிச் சில்லாகவே இல்லை. மற்றச் சுற்றுகளோடு ஒரே சில்லுக்குள் இருக்கிறது. டிஐ-85 போன்ற பழைய கருவிகளில் கடிகாரத் துடிப்பைத் தீர்மானித்தது ஒரு சிறு மின்தேக்கி. அதை எடுத்துவிட்டுக் குறைந்த மதிப்புள்ளதைப் பற்றவைத்து வேகம் கூட்டினார்கள் ஆர்வலர்கள். பேட்டரி சீக்கிரம் தீரும். வரம்பு மீறினால் கருவி உறைந்து நின்றுவிடும். 49ஜி பிளஸில் சாலிடரிங் கோலே தேவைப்படவில்லை. சி மொழியில் நிரல் எழுதி, பெயர்ப்பு மென்பொருளைத் தாண்டி நேரே ஏஆர்எம்மில் ஓடவிட்டால் செயலியின் முழு வேகமும் கிடைத்தது.